தீர்ப்பு நாற்காலி

அல்மோரா மலைகளில் வெள்ளைக்காரனை எதிர்த்துக் கலகம் வந்ததற்குப் படித்தவர்கள் பெரிய பெரிய காரணங்கள் எழுதுகிறார்கள். டவுனிலிருந்து வந்து பேசினவர்கள்தான் எங்களைக் கிளப்பிவிட்டார்களாம். அவர்கள் பேச்சில் பாதி எங்களுக்குப் புரியவில்லை; மீதியை நாங்கள் நம்பவில்லை. எங்கள் ஊரைக் கிளப்பியது ஒரு நாற்காலி.

ஜெர்மன்காரனோடு நடந்த சண்டை முடிந்திருந்த சமயம். சுற்றுப்பயணம் வரும் துரையின் சாமான்களை, நிலம் வைத்திருக்கிற ஒவ்வொருவனும் அடுத்த தங்கல் வரை முதுகில் சுமக்க வேண்டும் என்பது சர்க்கார் சட்டம். கூலி உண்டு என்று எழுதியிருந்ததாம். நாங்கள் பார்த்ததில்லை. துரை வருவதும் விதைக்கிற நேரமாகப் பார்த்துத்தான். காட்டைச் சுற்றி எல்லைக்கல் நட்டு, உள்ளே புல் அறுத்தால்கூடக் குற்றம் என்று அதற்கு முன்பே ஆக்கியிருந்தார்கள்.

என் தங்கையைக் கட்டிய ஹயாத் சிங்குக்கு மட்டும் இதில் குறையில்லை. துரையின் சாமான்களில் ஒரு நாற்காலி இருந்தது. தேக்கு மரம், பித்தளைப் பூண், உட்காரும் இடத்தில் ஒரு மூடி. வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டான். "நீங்க குளியல் தொட்டியத் தூக்குங்கடா. இது துரை உட்கார்ந்து தீர்ப்பு சொல்ற ஆசனம்" என்பான். தூக்குமுன் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். ஒரு தடவை மழை பிடித்துக்கொண்டபோது வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சாமி விளக்குக்குப் பக்கத்தில் வைத்தான். எட்டு வருஷம் இப்படி.

அந்த வருஷம் துரையின் கூடாரத்தைப் பெருக்க நன்ஹு என்று மலைக்குக் கீழே சமவெளிக்கார ஆள் ஒருவன் புதிதாக வந்தான். சுனையருகே ஹயாத் வழக்கம்போல் ஆசனத்தின் பெருமையை ஆரம்பித்தான். நன்ஹு பீடியை அணைத்தான்.

"உட்காருவாருங்க. ஆனா தீர்ப்பு சொல்றதில்ல. மூடியத் தூக்கினா கீழ பீங்கான் சட்டி. அதக் கழுவத்தான் எனக்குச் சம்பளம்."

சாயங்காலத்துக்குள் ஊரே சிரித்து முடித்துவிட்டது. "என்ன மாப்ளே, தீர்ப்பு கெட்டியா, இளகலா?" என்று தொட்டி சுமக்கும் ஜமன் சிங் கேட்டான். பிறகு சிரிப்பு நின்றது. ராஜபுத்திரன் முதுகில் கக்கூஸ். அது சாமி விளக்குக்குப் பக்கத்தில் வேறு இருந்திருக்கிறது. ஊர்த் தலைவர் கீம் சிங் ஹூக்காவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எங்களில் ஒருவனுக்கு ஹூக்கா கொடுக்காவிட்டால் அவனோடு உறவு அறுந்தது என்று அர்த்தம். ஹயாத்தின் மகளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. விலக்கி வைத்தவன் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? என் தங்கை அன்று அடுப்பு மூட்டவில்லை.

நான் கீம் சிங்கிடம் போய்க் கேட்டேன்.

"நாளைக்கு மறுபடியும் அதத் தூக்கினான்னா முடிஞ்சுது. தூக்கலைன்னா யோசிக்கலாம்" என்றார்.

"அவன் தூக்கலைன்னா யாரு தூக்குறது?"

ஆள் கொடுக்க வேண்டிய பொறுப்பு அவருடையது. ஹூக்காவை இழுத்துப் புகைவிட்டார்.

காலையில் சாமான்கள் பாதையோரம் கிடந்தன. அவரவர் சுமையை முதுகில் ஏற்றிக்கொண்டு, நாற்காலி கண்ணில் படாதது மாதிரி நின்றோம். ஹயாத் வந்து அதைத் தூக்கினான். கீம் சிங் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஹயாத் அதைப் பாதை நடுவில் வைத்து, மூடி சரியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, உட்கார்ந்தான்.

துரையின் டவாலிச் சேவகன் கத்தினான். துரையே வந்துவிட்டார். எங்கள் பேச்சு அவருக்கு ஓரளவு வரும். என்ன இது என்று கேட்டார்.

"துரை இதுல உட்கார்ந்து தீர்ப்பு சொல்றீங்கன்னு நெனச்சு எட்டு வருஷம் சுமந்தேன்" என்றான் ஹயாத். "அப்படி இல்லையாமே. அதான் நானே ஒண்ணு சொல்லலாம்னு உட்கார்ந்தேன். இனிமே தூக்குறதில்ல."

ஜமன் சிங் தொட்டியை இறக்கினான். நான் துரையின் நாய்க்கான இறைச்சிக் கூடையை இறக்கினேன். பிறகு எல்லோரும். கீம் சிங்கை அதட்டி வேறு ஆள் கேட்டார்கள். ஊரில் எல்லோருக்கும் முதுகுவலி என்றார். அதோடு அவர் தலைவர் பதவி போயிற்று.

போலீஸ் வந்து ஹயாத்தைக் கொண்டுபோனது. கறுப்பன் உட்கார்ந்த நாற்காலியில் துரை உட்காரவில்லை. அவர்களுக்கும் தீட்டு உண்டு போலிருக்கிறது. மறுநாள் செம்போடு எல்லைக்கல்லைத் தாண்டிக் காட்டுக்குள் போனார். காட்டுக் காவலாளி சலாம் போட்டு நின்றான்.

தை மாதம் பாகேஷ்வர் சந்தையில் எல்லா ஊர்க்காரர்களும் சரயு ஆற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளி, இனிச் சுமப்பதில்லை என்று சத்தியம் செய்தார்கள். புத்தகக்காரர்கள் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

ஹயாத் சிறையிலிருந்து திரும்பிய அன்று, விலக்கி வைத்தவன் உட்கார வேண்டிய தூரத்தில் உட்கார்ந்தான். கீம் சிங் எழுந்து போய் ஹூக்காவை நீட்டினார். அவன் வாங்கவில்லை.

"நீங்கல்லாம் அந்தத் தொட்டியச் சுமந்தீங்களே" என்றான். "அதுக்குள்ள அவர் என்னென்ன பண்ணுவார்னு நன்ஹுகிட்ட கேட்டீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை.

கீம் சிங் ஹூக்காவின் குழாயை வேட்டி நுனியால் துடைத்து மறுபடி நீட்டினார். ஹயாத் வாங்கி ஒரு இழுப்பு இழுத்தான். மாப்பிள்ளை வீட்டுக்கு அப்போதே ஆள் அனுப்பினோம்.