நாலாம் நாள் பெரட்டு

பள்ளிக்கூடத்தில் ஆண்டுக்கு ஒருமுறை ஓர் அட்டையைக் கொடுத்து, பெரியவர்களானதும் என்ன வேலைக்குப் போக ஆசை என்று மூன்று கோடுகளில் எழுதச் சொல்வார்கள். காளியண்ணனின் மூத்த மகள் ரஞ்சிதம் மூன்று கோட்டிலும் தாதி என்றே எழுதினாள். இளையவள் பவளம் நில அளவையாளர் என்று எழுதினாள். பக்கத்து டவுன் ரிங்லெட்டில், சாலையோரம் மூன்று கால் கருவியை நட்டு, ஒற்றைக் கண்ணால் மலையை அளந்துகொண்டிருந்த ஆட்களைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு அந்தப் பைத்தியம். எழுதிவிட்டுப் போகட்டும், அட்டைக்கு என்ன நஷ்டம்? தேயிலைத் தோட்டத்தில் யாருக்கு என்ன வேலை என்பதை அட்டை முடிவு செய்யாது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம்தான் முடிவு செய்யும்.

காலை ஆறு மணிக்கு, தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் தட்டுவார்கள். ஆட்கள் பனியில் வரிசையாக நிற்க, கங்காணி பக்கிரிசாமி நம்பர் நம்பராகக் கூப்பிடுவார். ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால், அதே வீட்டிலிருந்து இன்னொருவர் மூன்று நாள் அவருக்குப் பதிலாக நின்று குரல் கொடுக்கலாம். நாலாம் நாள் சொந்த ஆளே வந்து நிற்க வேண்டும். அவர் வராமல் வேறு யார் குரல் கொடுத்தாலும், குரல் கொடுத்தவர் பெயர் அந்த நம்பருக்குச் செக்ரோல் பேரேட்டில் நிரந்தரமாக ஏறிவிடும். ஒருவருமே நிற்காவிட்டால் நம்பரை அடித்துவிடுவார்கள், மாதக் கடைசிக்குள் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். எந்தத் துரை காலத்து வழக்கமோ, எந்தக் காகிதத்திலும் கிடையாது. காகிதத்தில் இருந்திருந்தால் யாராவது கிழித்தாவது போட்டிருப்பார்கள்.

காளியண்ணனின் நம்பர் நூற்றி ஏழு. களைக்கு மருந்தடிப்பது வேலை. நம்பரோடு முதுகில் மாட்டும் மருந்து டாங்கியும் சேர்ந்தே வந்தது. அவருக்கு முன் அதைச் சுமந்த முனியாண்டி, இருமி இருமி ஒருநாள் ஆஸ்பத்திரி லாரியில் ஏறியவர் திரும்பி வரவில்லை. முனியாண்டிக்கு முன் சுமந்தவரைப் பற்றி லயத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். டாங்கிக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை, ஸ்டோர் சுவரில் அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம் மழைக்காலத்தில் காளியண்ணனுக்குக் கைநகங்கள் கழன்றன. பிறகு மூக்கில் ரத்தம். பிறகு மூச்சு. தாயில்லாத வீடு. கேட்க நாதியில்லை. பத்தொன்பது வயது ரஞ்சிதம், மூன்று நாள்தானே என்று பெரட்டில் போய் நின்றாள். முதல் நாள் நாற்றத்தில் குமட்டியது. இரண்டாம் நாள் டாங்கி கசிந்து முதுகு எரிந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் கட்டைவிரல் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது. அதே சாயங்காலம், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அவளிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். தாதிப் பயிற்சிக்கு நேர்முகம், தானா ராத்தா ஆஸ்பத்திரியில், மறுநாள் காலை பத்து மணிக்கு.

மறுநாள்தான் நாலாம் நாள்.

"நீ போம்மா," என்றார் காளியண்ணன், சுவரில் சாய்ந்தபடி. "பெரட்டுக்கு நான் போய் நின்னுக்கிறேன். மூணு நாள் நல்லா படுத்தாச்சில்ல, போதும்லா."

"முடியுமாப்பா?"

"குரல் குடுக்கிறதுக்கு என்ன முடியணும்?"

மூலையில் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த பவளம் தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தாள். ரஞ்சிதம் அந்தப் பார்வையைக் கண்டும் காணாதவள் போல் சேலையை மடிக்கத் தொடங்கினாள். உண்மையைச் சொல்ல வேண்டும். அப்பா சொன்னதை அவள் நம்பவில்லை. நம்பியாக வேண்டியிருந்தது.

விடிவதற்கு முன்பே எழுந்து கிளம்பினாள். காளியண்ணன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார். நகமில்லாத விரல்களுக்குக் கயிறு பிடிபடவில்லை. ரஞ்சிதம் குனிந்து, அவிழாமல் இருக்கட்டும் என்று இரண்டு முடிச்சாக இறுக்கிக் கட்டினாள். அவர் கால் நடுங்குவது கைக்குத் தெரிந்தது. குளிர் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ரிங்லெட்டில் பஸ் பிடிக்க இரண்டு மைல் நடக்க வேண்டும். முதல் வளைவில் திரும்பும்போது தண்டவாளம் ஒலித்தது. பனியில் குரல் வெகு தூரம் வரும். பக்கிரிசாமி வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டு போனார். ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு குரல் பதில் சொன்னது.

"நூத்தியேழு!"

பதில் இல்லை.

ரஞ்சிதம் நின்றாள். பள்ளத்தில் பனி மூடியிருந்தது, லயம் தெரியவில்லை.

"நூத்தியேழு!"

மூன்றாம் முறை கூப்பிடுவார்கள், அதுதான் கடைசி. அதைக் கேட்டுவிட்டால் திரும்பிப் போக வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. முந்தானையைக் காதோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடினாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் முந்தானையைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

நேர்முகத்தில் இரண்டு பேர். வயதான அம்மா ஒருவர் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "இந்த வேலைய ஏன் தேர்ந்தெடுத்தீங்க?" என்று கேட்டார். ரஞ்சிதம் மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னாள். உரிந்த கட்டைவிரலை மேசைக்குக் கீழே மறைத்துக்கொண்டாள். அவர்களுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. ஜனவரியில் வந்து சேரச் சொன்னார்கள்.

திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியே ஒவ்வொரு சரிவாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கெட்ட சேதி என்றால் ரிங்லெட்டிலேயே யாராவது சொல்லியிருப்பார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தோட்டத்துப் பாதையில் எதிரே வந்த இரண்டு பெண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அது இன்னும் மோசம்.

லயத்துக் குழாயடியில் பவளம் நின்றுகொண்டிருந்தாள். பள்ளிச் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. பக்கத்தில் டாங்கி. கையைச் சவுக்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நகக்கண்ணில் இருந்த மருந்தின் நீலம் போகவில்லை.

"அப்பா எங்கடி?"

"உள்ள. பூட்ஸ மாட்டுன கையோட அப்படியே சாஞ்சுட்டாரு, எந்திரிக்க முடியல. நீ போட்ட முடிச்சு, எனக்கு அவுக்க வரல. இன்னும் பூட்ஸோடதான் படுத்திருக்காரு."

"நீ எதுக்குடி போன? பதினாறு வயசுதான!"

"மூணாவது தடவ கூப்பிட்டாங்கக்கா." பவளம் குழாயை மூடினாள். "வீட்ல வேற யாரு இருந்தா?"

ரஞ்சிதத்துக்கு அழுகை வரவில்லை, அவமானம்தான் வந்தது. "நாளைக்கு நான் போறேன். கங்காணிகிட்ட நான் பேசறேன்."

"பேரு ஏத்தியாச்சு. நாலாம் நாள் ஏத்துன பேர மாத்த மாட்டாங்கன்னு உனக்குத் தெரியாதா?" அவள் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குக்கு விடை சொல்வதைப் போலத்தான் சொன்னாள். பிறகு, "வேல கெடச்சிருச்சா? என்ன கேட்டாங்க?" என்றாள்.

"ஏன் இந்த வேலையத் தேர்ந்தெடுத்தேன்னு கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"யாரும் சொல்லி வரல, என் சொந்த விருப்பம்னு சொன்னேன்."

பவளம் டாங்கியை ஸ்டோருக்குக் கொண்டுபோகத் தூக்கினாள். வாருக்குள் கையை நுழைக்கும்போது லேசாக இருமினாள்.

"கங்காணியும் அதத்தான் கேட்டாரு," என்றாள். "நானும் அப்படித்தான் சொன்னேன்."