கேட்பாரற்ற கதாநாயகி

ஐஸ்லாந்தில் நாவலாசிரியர்கள் தங்கள் கதாபாத்திரங்களை மே மாதம் மலையில் மேய விட்டு, செப்டம்பரில் கீழே ஓட்டி வருவார்கள். ஆடுகளுக்கும் அதே வழக்கம்தான். ஆனால் ஆடுகள் ஒரு வாரம் முன்னதாகவே இறங்கிவிடும். வழியில் நின்று கடந்த காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடும் பழக்கம் அவற்றுக்கு இல்லை.

அந்த வருஷம் நாவலாசிரியை ஹால்பெரா பட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது தூறிக்கொண்டிருந்தது. வட்டமான பட்டி. நடுவில் எல்லாக் கதாபாத்திரங்களும் கலந்து நிற்கும். சுற்றிலும் எழுத்தாளருக்கு ஒன்றாகத் தடுப்புகள். காதில் வெட்டிய குறியைப் பார்த்து அவரவர் ஆளை அவரவர் தடுப்புக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். ஊரில் பாதிப் பேர் நாவலாசிரியர்கள், மீதிப் பேர் அவர்களுக்கு முன்னுரை எழுதுகிறவர்கள் என்பதால் எப்போதும் நெரிசல்.

ஹால்பெரா சோகத்துக்குப் பேர்போனவள். ஐந்து நாவல், ஐந்திலும் கதாநாயகி சோல்வெய்க். முதல் நாவலில் சோல்வெய்க்கின் புருஷனைக் கடல் கொண்டுபோனது. இரண்டாவதில் வீட்டை எரிமலைக் குழம்பு மூடியது. மூன்றாவதில் வேறொன்றும் அகப்படாமல் நாயைச் சாகடித்தாள். ஒவ்வொன்றுக்கும் பரிசு வந்தது. பரிசு வாங்கும்போதெல்லாம் மேடையில், “சோல்வெய்க் எனக்கு மகள் மாதிரி” என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாள், அதுதான் கொடுமை. ஆறாவது நாவல் கிறிஸ்துமஸுக்குள் வந்தாக வேண்டும். கிறிஸ்துமஸ் மாலையில் ஆளுக்கொரு புதுப் புத்தகம் பரிசாகக் கொடுக்காத உறவு அங்கே உறவே இல்லை.

சோல்வெய்க் பட்டி நடுவில் நின்றாள். கொழுகொழுவென்று இருந்தாள். போதாக்குறைக்குச் சிரித்துக்கொண்டும் இருந்தாள். ஹால்பெரா ஓடிப் போய் அவள் கையைப் பிடித்தாள்.

“மலையில அப்படி என்னடி தின்ன?”

“காத்து, வெயில், கொஞ்சம் காட்டுப் பழம். அங்க யாரும் என்னை ஒண்ணும் பண்ணலை, ஹால்பெரா.”

அதற்குள் கெடில் அவளுடைய மறு கையைப் பிடித்துவிட்டான். அவன் துப்பறியும் நாவல் எழுதுகிறவன். முதல் பக்கத்தில் ஒரு பிணம் விழாமல் அவனுக்குப் பேனா ஓடாது.

“இவ என் ஆளு. வேணும்னா பதிலுக்கு ரெண்டு பிணம் தரேன். சோறு போட வேண்டாம், எதிர்த்துப் பேசாது.”

“முதல் பக்கத்திலேயே கொன்னுடுவே, பாவி!”

“நீ அஞ்சு நாவலா கொல்றே. நான் ஒரே பக்கத்துல முடிச்சிடுவேன்.”

மலைராஜாவைக் கூப்பிட்டார்கள். மலையிலிருந்து ஓட்டி வரும் கூட்டத்துக்கு அவர் தலைவர். செப்டம்பரில் மட்டும் ராஜா, மற்ற மாதங்களில் டயர் கடை. அவர் சோல்வெய்க்கின் ஈர முடியை ஒதுக்கிக் காதைப் பார்த்தார். நாவலுக்கு ஒரு வெட்டு என்று ஹால்பெரா வெட்டியிருந்தாள். படித்துப் பார்க்கக் காது மிச்சமில்லை.

“ஹால்பெரா, நீ குறி போடலை, காதையே எடுத்துட்டே,” என்றார். “இதுல யார் பேரும் தெரியலை. கேட்பாரில்லாத ஆளுன்னு எழுதிக்கறேன்.”

கேட்பாரற்ற கதாபாத்திரங்கள் ஊராட்சியைச் சேரும். ஊராட்சி சோல்வெய்க்குக்கு நீச்சல்குளத்தில் வேலை போட்டுக் கொடுத்தது. ஊழியர்களுக்கு முன்கதை இருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே அவள் புருஷன், வீடு, நாய், ஹால்பெரா எல்லாவற்றையும் முதல் நாளே மறந்துவிட்டாள். கெடில் வேறு யாரையோ பிடித்துக்கொண்டு போனான். ஹால்பெரா வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தாள்.

பதிப்பாளர் குன்லோகுர் தினமும் போன் செய்தார். “யாராவது செத்தாங்களா?” என்று ஆவலாகக் கேட்பார். இல்லை என்றால் குரல் இறங்கிவிடும்.

நவம்பரில் ஹால்பெரா நீச்சல்குளத்துக்குப் போனாள். குளிர்காலத்தில் ஊரே அங்கேதான், திறந்தவெளி வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்து ஊர்வம்பு பேசும். வாசலில் சோல்வெய்க் துண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“சோப்புப் போட்டுக் குளிச்சிட்டுத்தான் தொட்டியில இறங்கணும்,” என்றாள், எல்லாரிடமும் சொல்வதைப் போல.

ஹால்பெரா குளித்துவிட்டுத் தொட்டியில் இறங்கி அழுதாள். நாவல் போனதுகூட அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. ஐந்து புத்தகத்தில் இந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு நல்ல மத்தியானம் எழுதிக் கொடுத்திருக்கலாமே என்றுதான் அழுகை. கண்ணீர் சேரச் சேரத் தொட்டித் தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த குன்லோகுர் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“இதுதான் உன் வாழ்நாள் சாதனை, ஹால்பெரா. ஒரு வார்த்தைகூடச் சேர்த்துடாதே,” என்றார். அன்று சாயங்காலமே டேங்கர் லாரி வந்து தொட்டியை உறிஞ்சிக்கொண்டு போனது.

கிறிஸ்துமஸ் மாலையில் ஊரெல்லாம் ஆறாவது நாவலைப் பாட்டிலில் பரிசாகக் கொடுத்துக்கொண்டது. சூடுபண்ணி அண்டாவில் ஊற்றிக் காலை நனைத்துக்கொண்டு படித்தார்கள். நடுவில் கொஞ்சம் இழுவை என்றாலும் உப்பு அசல் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். இருவர் முழங்கால்வரை நனைத்ததாகப் பெருமையடித்துக்கொண்டார்கள்.

பண்டிகை முடிந்து குளம் திறந்த அன்று ஹால்பெரா முதல் ஆளாகப் போனாள். சோல்வெய்க் துண்டை நீட்டினாள்.

“நீதானே அந்த நாவலை எழுதினவ? நானும் காலை நனைச்சேன்.”

“எப்படி இருந்துச்சு?”

“அந்த அழற பொம்பளை ரொம்பப் பாவம். யாராவது அவளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்.”

“யாரும் கூப்பிடலை,” என்றாள் ஹால்பெரா.

சோல்வெய்க் கொஞ்சம் யோசித்தாள். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு காலிப் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகித் திறந்து நீட்டினாள். ஹால்பெரா கண்ணீராகக் கரைந்து, சிந்தாமல் அதற்குள் இறங்கினாள். ஒரு பாட்டிலில் கொள்ளவில்லை, மீதியை இன்னொன்றில் பிடிக்க வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் சோல்வெய்க் இரண்டையும் சால்வையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள்.