ஆடாத கை

சலூன் கடையைத் திறந்ததும் அவன் செய்த முதல் காரியம், கத்தியில் பிளேடு மாட்டப் போய் அதைக் கீழே போட்டதுதான். குனிந்து எடுத்தான். மறுபடியும் போட்டான். புருவம் திருத்த வரும் பெண்களுக்காகக் கடையின் பின்பக்கம் திரை கட்டிப் பிரித்திருந்தார்கள். அங்கே நூலைச் சுற்றிக்கொண்டிருந்த அவன் மனைவிக்குச் சத்தத்தை வைத்தே விஷயம் புரிந்துவிட்டது.

இன்று அவளுடைய அண்ணன் வருகிறார். கடை அண்ணனுடையது. போன வாரம் துண்டு வைக்கிற டிராயரில் போதை மாத்திரை அட்டைகளைக் கண்டுபிடித்து, தங்கை புருஷன் என்றும் பார்க்காமல் வாங்கு வாங்கென்று வாங்கினார். போகும்போது ஒரு தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனார்.

"அடுத்த வாரம் வந்து உன் நாற்காலியில நானே உக்காருவேன். நீயே சவரம் பண்ணு. கை ஆடலன்னா விட்டுட்டேன்னு நம்புறேன். ஆடுச்சு, சாவிய வச்சிட்டுக் கிளம்பு."

குடிகாரனுக்குக் கை ஆடும், ஆகவே மாத்திரைக்காரனுக்கும் ஆடும் என்பது அண்ணனுடைய கணக்கு. அண்ணனுக்கு எல்லாம் தெரியும், தெரியாததும் தெரியும். மாத்திரை உள்ளே இருந்தால் இவன் கை இம்மியும் அசையாது, இல்லாதபோதுதான் ஆடும் என்று யார் அவருக்குச் சொல்வது? அவள் சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பாரே.

அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்! முதல் அட்டையை வாங்கிக் கொடுத்தவளே அவள்தானே. கல்யாண சீசனில் நாள் முழுக்கக் கையைத் தூக்கியபடியே வேலை செய்ததில் அவனுக்குத் தோள்பட்டை செத்துப்போனது. சட்டை போட்டுக்கொள்ளவும் அவள்தான் உதவ வேண்டியிருந்தது. மருந்துக்கடைக்காரர் கொடுத்த மாத்திரையைப் போட்டான், வலி போனது மட்டுமா? ஆளே மாறிப்போனான். உம்மணாமூஞ்சியாக முடி வெட்டியவன் வாய் ஓயாமல் பேச ஆரம்பிக்க, வாடிக்கையாளர்கள் அவனுக்கு ரேடியோ என்று பேர் வைத்தார்கள். அடுத்த தெருக் கடையை விட்டுவிட்டு இங்கே வந்து காத்திருந்தார்கள். வீட்டிலும் சிரித்தான், அவள் கழுவிப் போட்ட பாத்திரங்களைத் துடைத்து அடுக்கினான். அவளுக்குப் பிடித்திருந்தது. மூடி மறைப்பானேன், ரொம்பவே பிடித்திருந்தது. வலி போன பிறகும் அவன் போட்டான், அவள் ஏனென்று கேட்கவில்லை. ஒருநாள் போடாமல் இருந்து பார்த்தபோது காய்ச்சல்காரனைப்போல் நடுங்கினான். அதற்குப் பிறகு சிரிப்பதற்காகப் போட்ட காலம் போய், எழுந்து நிற்பதற்கே போட வேண்டியதாயிற்று.

அண்ணன் திட்டிவிட்டுப் போன அன்றே எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டினார்கள். அவன் நிஜமாகவே விட்டான். அன்றிலிருந்து மூக்கு ஒழுகுகிறது, கொட்டாவி மேல் கொட்டாவி, படுத்தால் கால் தன்பாட்டுக்கு உதைக்கிறது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். இன்னும் கொஞ்ச நாள் போனால் கை நின்றுவிடும். அண்ணனுக்கு அந்தக் கொஞ்ச நாள் பொறுக்காது.

அவள் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, அண்ணன் வர்ற நேரமாச்சு."

"வரட்டும். நடந்ததச் சொல்லிடலாம். விட்டதாலதான் கை ஆடுது மச்சான்னு சொல்றேன்."

"நம்புவாரா?"

அவன் நெற்றி வியர்வையைத் துடைத்தான். அவள் பவுடர் டப்பாவைத் திறந்து, அடியில் கிடந்த மாத்திரையை எடுத்து நீட்டினாள். ஆபத்துக்கு ஒன்று இருக்கட்டும் என்று கொட்டும்போதே அவனுக்குத் தெரியாமல் ஒதுக்கி வைத்தது.

அவன் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணமான புதிதில் அவளைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

"உள்ள வை அத" என்றான். கண் மட்டும் நகரவில்லை.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டுங்க."

"வேணாம்னு நீ சொல்லு. என்னால முடியல. நீ சொன்னா கேட்டுக்கறேன்."

அவள் நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை. வாசலில் அண்ணனின் பைக் வந்து நின்றது. அவன் மாத்திரையைப் பிடுங்கி, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினான்.

அது வேலை செய்ய நேரம் பிடிக்கும். அதுவரை அண்ணனை எப்படியாவது இழுத்துப் பிடிக்க வேண்டும். டீ போட்டுக் கொடுத்தாள். அண்ணி எப்படி இருக்கிறாள், அண்ணன் மகனுக்கு வேலை கிடைத்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வாஷ்பேசின் குழாய் ஒழுகுகிறது பாருங்கள் என்று குனிய வைத்தாள்.

"நான் சவரத்துக்கு வந்தேனா, குழாய் ரிப்பேருக்கு வந்தேனா?" என்றபடி அண்ணன் நாற்காலியில் சாய்ந்தார்.

ரேடியோ பிரஷ்ஷால் நுரையைத் தடவினான், தடவிக்கொண்டே இருந்தான்.

"என்னப்பா, நுரை போடுறியா, வெள்ளையடிக்கிறியா?"

இனிமேல் தள்ளிப்போட வழியில்லை. அவன் கத்தியை எடுத்தான். அண்ணன் கண்ணாடியில் அந்தக் கையையே முறைத்தார். கத்தி காதோரம், அவர் கண்ணுக்கு எட்டாத பக்கம் போனதும் நடுங்கியது.

"அண்ணே, நுரை காஞ்சுபோச்சு. முதல்ல வெந்நீர்த் துண்டு போடட்டும், இல்லன்னா எரியும்" என்று ஓடிவந்து அவளே துண்டால் அண்ணன் முகத்தை மூடி அழுத்திப் பிடித்தாள்.

துண்டுக்குமேல் அவனைப் பார்த்தாள். ஒழுகிய மூக்கு நின்றிருந்தது. தோள் இறங்கியது. அவன் மெதுவாக விரல்களை விரித்துத் தன் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். ஆடவில்லை.

மறுபடி நுரை தடவினான். அதன்பிறகு கத்தி வழுக்கிக்கொண்டு போனது.

"தாடையத் தூக்குங்க மச்சான். ஒரு தாடைன்னு பாத்தேன், ரெண்டு இருக்கே. ரெண்டுக்கும் சேத்துத்தான் சாப்பிடுறீங்களா?"

அண்ணன் அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார். அவளும் சிரித்தாள். நடிப்பில்லை, அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அவள் ஆள் திரும்பி வந்துவிட்டான்.

முடிந்ததும் அண்ணன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஒரு கீறல் இல்ல. நான்தான் அவசரப்பட்டு வார்த்தைய விட்டுட்டேன் மாப்ள, மனசுல வச்சுக்காத. நீ நெஜமாவே விட்டுட்ட. இனிமே வேற எவன்கிட்டயும் நான் போகல. தினமும் காலைல உன்னோட முதல் போணி நான்தான்."

கண்ணாடியில் அவன் அவளைப் பார்த்தான்.

இப்போது சொல்லிவிடலாம். அண்ணன் இவ்வளவு இளகி அவள் பார்த்ததில்லை, சொன்னால் திட்டுவார், அப்புறம் கேட்டுக்கொள்வார்.

"அண்ணே..."

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. பாத்துப் போங்க."

பைக் சத்தம் தெருமுனையைத் தாண்டியது. அவள் பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். அவன் நாற்காலியைத் தட்டித் துடைத்துக்கொண்டே, வாடிக்கையாளர்களுக்கெல்லாம் பிடித்த அந்தக் குரலில் சொன்னான்.

"ரெண்டு அட்டையா வாங்கிடு. தினமும் ஓடிக்கிட்டு இருக்க முடியாதில்ல."