சுவரின் வெளிப்பக்கம்

மூன்று வருடமாக அந்த வீட்டின் நிலவறைச் சுவர் கசிந்துகொண்டிருந்தது. குடை ரிப்பேர்க்காரர் தன் பட்டறையை அங்கேதான் வைத்திருந்தார். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் உள்ளே சிமென்ட் பூசுவார், பெயின்ட் அடிப்பார். அடுத்த மழைக்கு எல்லாம் பொருக்குப் பொருக்காக உதிரும். இந்த வருடம் ரிப்பேருக்கு வந்த குடைகளிலேயே பூஞ்சை பிடித்துவிட்டது. "ஊர் நனையாம பாத்துக்கறவர் வீடே ஒழுகுதாமே" என்று தெருவே சிரித்தது.

கடைசியில் ஒரு மேஸ்திரி வந்தார். ஒழுகல் எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார் என்பதால் அவருக்குக் 'கசிவுக்காரர்' என்றே பெயர். சுவரில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார்.

"உள்ள எத்தன பூசினாலும், அழுற பிள்ளைக்குக் கண்ணத் தொடச்சு விடுற மாதிரிதான். அழ வைக்கிறது வெளிய இருக்கு. அஸ்திவாரம் வரைக்கும் தோண்டி, வெளிப்பக்கமா அடைக்கணும்."

"சரின்னு சொல்லிடுங்க மேஸ்திரி," என்றாள் மனைவி, கணவரைப் பாராமல்.

"எனக்கும் சரின்னு சொல்லிடுங்க," என்றார் அவர், ஜன்னலைப் பார்த்தபடி.

கசிவுக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத் தூது போவது அவருக்குப் புதிது.

எட்டு மாதமாக அப்படித்தான். வேலையை விட்டுவிட்டு வந்த அவளுடைய தங்கை ஒரு மாதம் அங்கே தங்கியிருந்தாள். ஒருநாள் தங்கையின் தோழிகள் நாலு பேர் வந்து கூடத்தில் கூச்சலிட்டுச் சிரித்தபோது, "இது என்ன வீடா, சத்திரமா?" என்று கேட்டுவிட்டார் அவர். மறுநாள் காலையில் தங்கை கிளம்பிவிட்டாள். அக்கா எங்கும் போகவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டாள். "சாப்பாடு வெச்சிருக்கு" என்று கதவிடம் சொல்வாள். "வர லேட்டாகும்" என்று அவர் காலண்டரிடம் சொல்வார்.

சுவரை ஒட்டி நான்கு நாள் தோண்டினார்கள். மண் சரியாமல் இருக்கப் பலகை வைத்து முட்டுக் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் காலையில் கசிவுக்காரர் குற்றவாளியைப் பிடித்துவிட்டார். எந்தக் காலத்திலோ குழாய் போன ஓட்டை. யாரோ சாக்குத் துணியைத் திணித்து மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள். துணியை இழுத்ததும் உள்பக்கப் பூச்சும் பெயர்ந்து விழுந்தது. பட்டறை விளக்கின் வெளிச்சம் குழிக்குள் எட்டிப் பார்த்தது.

"ஈரம் காயட்டும். நாளைக்கு அடைச்சிடலாம்," என்றார்.

மதியம் ஆட்கள் சாப்பிடப் போன பிறகு அவள் ஏணியைப் பிடித்துக் குழிக்குள் இறங்கினாள். ஏன் இறங்கினாய் என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. இறங்க இறங்கத் தெருச் சத்தம் மேலேயே நின்றுவிட்டது. வானம் ஒரு நாடா அளவுக்குச் சுருங்கியது. இருபத்திரண்டு வருடம் குடியிருந்த வீட்டின் இந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. சாம்பல் கற்களின் மேல் வேர்கள் மெல்லிய கோடு கோடாக ஒட்டியிருந்தன. உள்ளங்கையை வைத்தாள். குளிர்ந்து கிடந்தது. வீடு ஒரு பெரிய பிராணியைப்போலத் தூங்குவதாகவும், அதன் வயிற்றைத் தான் தொட்டுக்கொண்டிருப்பதாகவும் தோன்றியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ.

ஓட்டையின் வெளிச்சம் மறைந்தது.

"மேஸ்திரி, அங்கயா இருக்கீங்க?" கணவரின் குரல்.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"ஒரு உதவி பண்ணணும். போன வாரம் எங்க வீட்டம்மாவோட தங்கச்சியப் போய்ப் பாத்தேன். வாசல்லயே நிக்க வெச்சா. நிக்க வேண்டியவன்தானே, நின்னேன். தப்பு எம்மேலதான்னு சொன்னேன். அவ ஒண்ணுமே பேசல. ஆனா குடிக்கத் தண்ணி குடுத்தா." கொஞ்சம் இருமினார். "இத வீட்ல எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. நீங்க சொன்னா கேப்பா."

"ஏன், அத நீங்களே சொல்லக் கூடாதா?"

உள்ளே ஏதோ கீழே விழுந்து உருண்டது.

"நீயா?"

"நான்தான்."

"அங்க என்ன பண்றே? மண்ணு சரியப் போகுது!"

"முட்டுக் குடுத்திருக்காங்க. நீங்க சொல்லுங்க, முதல்லேர்ந்து."

அவர் மறுபடி சொன்னார். இந்தத் தடவை தங்கை வீட்டு வாசற்படி, அவள் கதவைத் திறந்த விதம் எல்லாம் வந்தன.

"முழு டம்ளர் குடுத்தாளா?"

"அரை டம்ளர்தான்."

"அப்ப கோவம் பாதிதான் ஆறியிருக்கு," என்றாள். அவர் சிரிப்பது ஓட்டை வழியாகக் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எட்டு மாதமாகியிருந்தது. அவள் சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அந்தக் கூச்சல் எனக்கும் தலைவலியாத்தான் இருந்துச்சு. நீங்க கேட்டதும் பழியத் தூக்கி உங்க தலையில போட்டுட்டேன். இத ஒத்துக்க இத்தன நாளா மனசு வரல."

கீழே விழுந்ததை அவர் எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"மேல வா," என்றார் அவர். "சாப்பிட்டியா?"

அதற்குள் கசிவுக்காரர் திரும்பி வந்து குழிக்கு மேலே குனிந்தார். "ஓரளவு காஞ்சிருக்கும்மா. இப்பவே அடைச்சிடவா?"

"நாளைக்கே அடைங்க!" என்றன இரண்டு குரல்கள், குழிக்குள்ளிருந்தும் சுவருக்குள்ளிருந்தும்.

மறுநாள் ஓட்டையைக் கலவை வைத்து அடைத்தார். சுவரைத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, இரண்டு தடவை தார் பூசி, மேலே கனமான ஷீட் ஒட்டினார். அடியில் துளையிட்ட குழாயைப் பதித்து ஜல்லியால் மூடி, தண்ணீர் வீட்டை விட்டு விலகி ஓடும்படி சரிவாக மண்ணைப் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினார். சுவர் மறுபடி இருட்டுக்குள் போனது.

பதினைந்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருமழை பிடித்துக்கொண்டது. தங்கை வந்திருந்தாள். அத்தானிடம் அளந்து அளந்துதான் பேசினாள். இருந்தாலும் மதியம் மாடியில் அசந்து தூங்கினாள். கணவனும் மனைவியும் பட்டறையில் உட்கார்ந்து சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பொட்டு ஈரம் இல்லை. மண்ணுக்கடியில் தண்ணீர் குழாயோடு போகும் சத்தம், யாரோ வீட்டை ஒருமுறை சுற்றிவிட்டுத் தெருவில் இறங்கி நடப்பதுபோலக் கேட்டது.

"கேக்குதா?" என்றார்.

"ம்," என்றாள். "பேசாம கேளுங்க."