ஹெட்டில் ஒரு சிவப்புப் பொட்டு

பெண்டாட்டி ரோஸி மேரி பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவளுடைய சிவப்பு நெயில் பாலிஷ் புட்டியை எடுத்துக்கொண்டு லியோ பிரகாஷ் வாசலுக்கு வந்தான். உறுவையாறு ஊரிலேயே அப்படி ஒரு வண்டி வேறு யாரிடமும் இல்லை, இருபது வருடத்துக்கு மேல் பழசான ஹோண்டா சிட்டி விடெக் கார். பானட்டைத் தூக்கி, எஞ்சினுக்கு மேலே மூடிபோல உட்கார்ந்திருக்கும் சிலிண்டர் ஹெட்டின் பின்மூலையில், ஒயர்கள் மறைக்கிற இடமாகப் பார்த்து மிளகளவு ஒரு பொட்டு வைத்தான். ஊதிக் காயவைத்தான். அவளுக்குக்கூட அவன் இவ்வளவு பக்குவமாகப் பொட்டு வைத்ததில்லை.

அந்த ஹெட்தான் வண்டியின் உயிர். மீட்டர் முள் மேலே ஏற ஏற உறுமிக்கொண்டு பாய்கிற பாய்ச்சல் அதிலிருந்துதான் வருகிறது. அதற்குள் பூட்டுவதற்காக வேகம் கூட்டுகிற ஜப்பான் கேம்ஷாஃப்ட் ஒன்றை இரண்டு வருடம் தேடி, கோயம்புத்தூரில் பிரித்துப்போட்ட ஒரு வண்டியிலிருந்து பிடித்திருந்தான். அதை மாட்டத் தெரிந்த கை இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்று, தவளக்குப்பத்தில் ஷெட் வைத்திருக்கும் தனிஸ்லாஸ். ஆனால் வாட்ஸ்ஆப் குரூப்பில் எவனோ எழுதியிருந்தான், தன் வண்டியின் நல்ல ஹெட்டை மெக்கானிக் கழற்றி வைத்துக்கொண்டு சாதா ஹெட்டை மாட்டி அனுப்பிவிட்டதாக. அதைப் படித்ததிலிருந்து லியோவுக்குச் சோறு இறங்கவில்லை. புது ஹெட் எங்கேயும் கிடைக்காது. போனால் போனதுதான். அதற்குத்தான் இந்த அடையாளப் பொட்டு.

வண்டியை வாங்கிக்கொண்டு, பத்து நாளில் தருகிறேன் என்றார் தனிஸ்லாஸ். பத்து நாள் கழித்துப் போனால் வண்டி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, ஹெட்டைக் காணோம்.

"கடலூருக்கு லேத்துக்குப் போயிருக்குபா" என்றார், இவன் முகத்தைப் பார்க்காமல். அடுத்த வாரமும் அதே பதில். அதற்கடுத்த வாரம், சென்னைக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்.

"எதுக்குண்ணா சென்னைக்கு?"

"சும்மா ஒரு செக்கிங்."

ஒரு நட்டைப் பற்றி அரைமணி நேரம் பேசக்கூடிய மனிதர் அவர். ஷெட்டின் மூலையில் கடலூர் நம்பர் போட்ட இன்னொரு சிட்டி பானட் மூடி நின்றிருந்தது. அது எதற்கு அங்கே நிற்கிறது, யாருடையது, அதன் வயிற்றில் யாருடைய ஹெட் இருக்கிறது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தனிஸ்லாஸ் டீ வாங்கிக் கொடுத்தார். குற்றமுள்ள மனசுதான் கேட்காமல் டீ வாங்கிக் கொடுக்கும் என்று நினைத்துக்கொண்டே லியோ அதைக் குடித்து முடித்தான்.

ஆறாவது வாரம், வண்டி ரெடி என்று தனிஸ்லாஸிடமிருந்து போன் வந்தது. ரோஸி மேரியும் கூட வந்தாள். வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஜங்ஷன் பேக்கரியில் அவள் நின்றுவிட, லியோ முன்னால் போனான்.

தனிஸ்லாஸ் சாவியைத் திருப்பினார். பிசிறில்லாத சத்தம். ஆறு வாரம் காத்திருந்தவன் அதைக் காதில்கூட வாங்கவில்லை. போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு பின்மூலையில் குனிந்தான். ஹெட் துலக்கிவைத்த பாத்திரமாக மினுமினுத்தது. பொட்டு இல்லை.

"இன்னாபா தேடறே?"

"இது நம்ம ஹெட்டுதானாண்ணா?"

"உன்னுதுதான்." தனிஸ்லாஸ் கொஞ்சம் தயங்கினார். "உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். கழட்டிப் பாத்தா பின்னாடி செவப்பா ஒரு மார்க். கிராக் இருந்தா லேத்துக்காரன் அப்டித்தான் பெயிண்ட் வப்பான். உனக்கு வித்தவன் வெடிச்ச ஹெட்ட தலையில கட்டிட்டான்னு பயந்துட்டேன். கடலூர்ல ஒண்ணும் இல்லன்னான். மனசு கேக்கல, சென்னைக்கு அனுப்பிச்சேன். அங்கியும் ஒண்ணும் இல்லன்னாங்க. அப்பறந்தான் கழுவி மாட்டினேன். முன்னாடியே சொன்னா நீ தூங்கமாட்டே."

லியோவுக்கு வெட்கத்தில் காது சுட்டது. நான்தான் வைத்தேன் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்ல வாயெடுத்தான்.

"எவன் வச்சிருப்பான்?" என்று கேட்டார் தனிஸ்லாஸ்.

"தெரியலண்ணா" என்றான்.

அப்போது ரோஸி மேரி வந்தாள். "ஸ்வீட் எடுத்துக்குங்கண்ணா" என்று இரண்டு கையாலும் பெட்டியை நீட்டினாள். வாங்கப்போன தனிஸ்லாஸின் கை பாதியில் நின்றது. பெட்டியின் விளிம்பில் வரிசையாக நகங்கள், காலையில்தான் பூசிய சிவப்பு. அவர் நகங்களைப் பார்த்தார். எஞ்சினின் பின்மூலையைப் பார்த்தார். லியோவைப் பார்த்தார். தோளில் கிடந்த துணியை எடுத்து, ஒவ்வொரு விரலாகத் துடைக்க ஆரம்பித்தார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ரோஸி மேரி பெட்டியை நீட்டியபடியே நின்றாள்.