வாசலில் விட்ட பூட்ஸ்

கதவைத் திறந்த வேகத்திலேயே அவள் உள்ளே திரும்பிக் கத்தினாள்.

"டேய், என் பூட்ஸ் எங்கடா?"

சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்த கணவன் எட்டிப் பார்த்தான். "வாசல்லதான். ராத்திரி நான்தானே வெச்சேன்."

வாசலில் ஒன்றும் இல்லை. நடுவில் தேய்ந்துபோன பழங்காலக் கல்படிகள் மட்டும் வளைந்து வளைந்து கீழே இறங்கின.

இந்த நாட்டுக்கு அவர்கள் குடிவந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அவள் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் இன்ஜினியர். நகரத்தின் நடுவே நிற்கும் கல்கோபுரத்தில் விழுந்த விரிசலுக்காக அவளை அழைத்திருந்தார்கள். இரண்டு வருடமாகப் புகைப்படத்தில் மட்டும் பார்த்த கோபுரத்தில் இன்றைக்குத்தான் முதன்முதலாக ஏறப்போகிறாள். முனையில் இரும்பு வைத்த பூட்ஸ் இல்லாமல் சாரத்தில் யாரையும் விடமாட்டார்கள். அங்கே இரவல் பூட்ஸ் உண்டு; ஆனால் ஒன்றிலேயே அவளுடைய இரண்டு காலும் போய்விடும். குழு எட்டரைக்கு மேலே போகிறது. தவறவிட்டால், மற்றவர்கள் எடுத்துவரும் படங்களைக் கீழே மேசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போனிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "நான்தாம்மா இவன்கிட்ட சொன்னேன். கண்ட எடத்துலயும் மிதிச்சது, புது வீட்டுக்குள்ள வேணாம்னு."

"இங்க வெளியில யாரும் எதையும் வைக்கலையே அத்தை."

"அவ்ளோ பெரிய ஊர்ல போயும் போயும் பூட்ஸையா தூக்குவாங்க?"

கணவன் கைலியோடு போய் எதிர்வீட்டு மணியை அடித்தான்; அவளும் பின்னாலேயே போனாள். பியானோ ஆசிரியை கதவைத் திறந்தார். இந்த ஊர் மொழியில் சுண்ணாம்பு, விரிசல், சாரம் எல்லாவற்றுக்கும் இன்ஜினியருக்கு வார்த்தை தெரியும், பூட்ஸுக்குத் தெரியாது. கணவன் தன் காலைச் சுட்டிக்காட்டி, கையை விரித்தான். ஆசிரியைக்குப் புரிந்துவிட்டது. இந்தக் கட்டடத்தில் ஒரு பொருளை வாசலில் வைத்தால், 'எனக்கு வேண்டாம், யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்' என்று அர்த்தமாம். தன் வீட்டு விளக்கு, நாற்காலி, பூந்தொட்டி எல்லாம் அப்படி வந்தவைதான் என்று பெருமையாகக் காட்டினார்.

"தானம் பண்ணிட்டே, போ!" என்றாள் அவள் கணவனிடம்.

"எந்த மகராசி வாங்கினாளோ, தேடுவோம் வா."

ஒரு மாடி கீழே இருந்த மாணவன் தூக்கம் கலையாமல் கதவைத் திறந்தான். பொருள் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று எண்ணி, ஓர் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினான். கணவன் வாங்கிக்கொண்டான்.

"நல்லா சூடாகுதான்னு கேளுடா," என்றார், அவன் சட்டைப் பையிலிருந்த மாமியார்.

தரைத்தளத்தில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. கடைக்காரப் பெண் ஒரு சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காலில் பூட்ஸ்.

"அதேதான்!" என்று இன்ஜினியர் தமிழிலேயே அலறினாள்.

கடைக்காரி பூட்ஸைப் பார்த்தாள், மூச்சிரைக்க நின்ற இருவரையும் பார்த்தாள், அவன் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தாள். தன் அளவுக்கு ஒரு ஜோடி கிடைத்ததே என்று காலையில் குதித்தாளாம். எங்கே போக வேண்டும் என்று கேட்டாள். கோபுரம் என்றதும் கடிகாரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பிறகு முன்னால் பெரிய பெட்டி வைத்த சரக்கு சைக்கிளை உருட்டிவந்து, பெட்டியைத் தட்டினாள்.

"இதுலயா?"

"ஏறுடி, யோசிக்காதே!" கணவன் தன் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கடைக்காரியின் காலடியில் வைத்தான். "கடையை நான் பாத்துக்கறேன்னு சொல்லு."

"உனக்கு என்னடா தெரியும்?"

"காத்தடிக்கத் தெரியும். போ!"

கல் பாவிய தெருக்களில் சைக்கிள் தடதடத்துப் பறந்தது. பெட்டிக்குள் குந்தியபடி அவள் நாடா கட்டினாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் முடிச்சு கைநழுவியது. ஓட்டியவள் மணியடித்துக்கொண்டே, கடந்துபோகும் வாசல்களையும் பாலத்தையும் சந்தையையும் காட்டி ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தாள். பாதிகூடப் புரியவில்லை. ஒரு வாரமாக அலுவலகமும் வீடுமாகக் கிடந்தவளுக்கு, ஊர் இப்போதுதான் கண்ணில் பட்டது.

சாரத்து லிஃப்டின் கதவை மேற்பார்வையாளர் சாத்தப்போகும் நேரத்தில் ஓடிப்போய் உள்ளே நுழைந்தாள். அவர் அவள் காலைப் பார்த்துத் தலையசைத்தார்.

மேலே காற்று ஆளைத் தள்ளியது. விரிசல் அவள் தோள் உயரத்தில் தொடங்கியது. படங்களை வைத்து, இது மேல்பூச்சோடு நிற்கிற விரிசல் என்றுதான் எல்லோரும் எழுதியிருந்தார்கள்; அவளும்தான். கையுறையைக் கழற்றி, விரலை அதன் வாயில் வைத்தாள். குளிர்ச்சியாக ஏதோ தொட்டது. காற்று. வெளியிலிருந்து அல்ல, உள்ளிருந்து வந்தது. விரிசல் சுவரின் இந்தப் பக்கம் தொடங்கி அந்தப் பக்கம்வரை போயிருக்கிறது. எந்தப் படத்திலும் இது விழாது.

மேற்பார்வையாளரைக் கைகாட்டி அழைத்தாள். அவர் வந்து விரலை வைத்தார். சற்று நேரம் எடுக்கவேயில்லை. பிறகு, தன் பென்சிலை அவளிடம் கொடுத்து, உள்ளே சோதித்துப் பார்க்க எங்கே துளை போடலாம் என்று கல்லிலேயே குறிக்கச் சொன்னார்.