தொண்ணூற்றாறு பாட்டில் மண்

தோட்டத்தில் ஆலங்கட்டி மழை பெய்த அன்று, நகரத்தில் தொண்ணூற்றாறு வீடுகளுக்குள் வீட்டுக்கு ஒரு கைப்பிடி ஆலங்கட்டி விழுந்தது. காலை பதினோரு மணி இருக்கும். கூரை எதிலும் ஓட்டை இல்லை, சன்னல்கள் சாத்தியிருந்தன. பல் டாக்டர் வீட்டில் அது மின்விசிறிக்குக் கீழே எங்கிருந்தோ கிளம்பி, சாப்பாட்டு மேசையில் இருந்த கண்ணாடிக் குடுவையை உடைத்தது. தையல்காரர் வீட்டில், அன்று கொடுக்க வேண்டிய சட்டை ஒன்றின் மேல் விழுந்து இஸ்திரியைக் கெடுத்துவிட்டுக் கரைந்தது. நகரத்துக்கு வெளியே அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் செடி என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. இந்த ஒரு தோட்டத்தில் மட்டும் தக்காளிச் செடியில் ஒரு கொழுந்துகூட முறியவில்லை. மொத்த அடியையும் தொண்ணூற்றாறு குடும்பங்கள் வாங்கிக்கொண்டிருந்தன.

பேருந்து திரும்பும் இடத்தைத் தாண்டி, பழைய செங்கல் சூளைக்குப் பின்னால் மூன்று ஏக்கர் அது. நடத்தியவளை எல்லோரும் தராசக்கா என்றே கூப்பிட்டார்கள். வருஷ ஆரம்பத்தில் உறுப்பினராகச் சேர்ந்து பணம் கட்டியவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு பெட்டி காய்கறி. விளைந்தது எதுவோ அது, எல்லோருக்கும் சமமாக. பெட்டிகளை அவளே பிரிப்பாள், வேறு யாரையும் தொட விடமாட்டாள். ஒரு பெட்டியில் அரை கேரட் கூடிப்போனது என்று தெரிந்தால் தொண்ணூற்றாறையும் திரும்பக் கொட்டி எடை போடுகிற ரகம். அவள் புருஷனுக்கு மண்வெட்டி பிடிக்க வராது, மைக் பிடிக்க வரும். விதைப்பு விழா, திறந்த தோட்ட நாள், அறுவடை விருந்து என்று மூன்று மாதத்துக்கு ஒன்று வைத்து, வாய் கிழியப் பேசி, உறுப்பினர்களைக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் இல்லாவிட்டால் அவள் நல்ல காயை விளைவித்து, வாங்க ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பாள்.

பாட்டில் யோசனையும் அவருடையதுதான். விதைப்பு விழாவில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஜாம் பாட்டிலில் ஒரு கைப்பிடி தோட்டத்து மண்ணைக் கொடுத்து, அதைக் கையில் வைத்துக்கொண்டே படிவத்தில் கையெழுத்துப் போட வைப்பது என்றார். படிவத்தில் ஒரு வரி உண்டு. விளைச்சலிலும் இழப்பிலும் எங்களுக்குச் சம பங்கு என்று.

"காய்தான் வாராவாரம் குடுக்கிறோமே, மண்ணு எதுக்குங்க?" என்று அவள் கேட்டாள்.

"காயத் தின்னுட்டா தீந்துபோச்சு. கையில ஏதாவது இருந்தாத்தான் நம்ம தோட்டம்னு தோணும். உனக்கு இதெல்லாம் புரியாது."

புரியவில்லைதான். இருந்தாலும் கொடுப்பதென்று ஆன பிறகு மட்டமானதைக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஓரத்துக் களிமண்ணை அள்ளிப் போட்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அவள் வடக்குப் பாத்தியில் போய்த் தோண்டினாள். ஒன்பது வருஷம் இலையும் சாணமும் போட்டுக் கண்ணும் கருத்துமாக ஆளாக்கிய மண் அது. கறுப்பாக, கையில் ஒட்டாமல், அள்ளினால் மூச்சு விடுவது மாதிரி இருக்கும். தோட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அங்கேதான் கை காட்டுவாள். அதைத் தொண்ணூற்றாறு பாட்டில்களில் அடைத்து, எடை பார்த்து, மூடி போட்டு ஊருக்குள் அனுப்பினாள். அன்றிலிருந்து தோட்டத்துக்கு வந்ததெல்லாம் அந்த பாட்டில்கள் இருந்த இடத்துக்கும் வந்தது. யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

முதல் வருஷம் ஊரே மூக்கில் விரலை வைத்தது. தோட்டத்தில் தூறினால் வரவேற்பறையில் தூறியது, துடைத்துவிட்டு ஒருவருக்கொருவர் போன் செய்து எத்தனை நிமிஷம் என்று கேட்டுக்கொண்டார்கள். அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் சமையலறைத் தொட்டியிலிருந்து அவரைக்கொடி கிளம்பியது. சாயங்காலங்களில் அலமாரியைத் திறந்தால் மண்வாசனை வந்தது. பல் டாக்டர் உடைந்த குடுவையைத் தூக்கிப் போடாமல் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். உறுப்பினர் குழுவுக்கு அவரையே தலைவராக்கினார்கள். தராசக்காவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. அவளும் நம்பினாள். தோட்டம் தன் ஒருத்தி முதுகில் இல்லை, தொண்ணூற்றாறு வீட்டுத் தரையில் ஊன்றி நிற்கிறது என்று நினைத்து, பல வருஷங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

இரண்டாம் வருஷம் முட்டைக்கோஸில் புழு விழுந்தது. மருந்து அடிக்காத தோட்டம், அதைச் சொல்லித்தான் உறுப்பினர் சேர்த்திருந்தார்கள். வீட்டுக்கு நாற்பது புழு என்று கணக்காக வந்து சேர்ந்தது. திரைச்சீலையைத் தின்றன, கல்யாணப் பட்டுப்புடவையைத் தின்றன, பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வீட்டில் திருத்தாத விடைத்தாள்களைத் தின்றன. பல் டாக்டரின் மருத்துவமனை அவர் வீட்டின் கீழ்த்தளத்தில்தான் இருந்தது. நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டிருந்த ஒரு பெரிய மனிதரின் நாக்கில் புழு ஒன்று வந்து விழுந்தது, அவர் மறுபடி அந்தப் பக்கம் வரவில்லை. அந்தச் சனிக்கிழமை பெட்டி வாங்க வந்தவர்கள் நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்கவில்லை. முட்டைக்கோஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டை இல்லாததாகக் கேட்டார்கள். ஓட்டை இல்லாதது இருந்தால் அது இந்தத் தோட்டத்து முட்டைக்கோஸ் இல்லை என்றாள் தராசக்கா.

மூன்றாம் வருஷம் மழையே இல்லை. வறட்சி தொண்ணூற்றாறு வீட்டுக்கும் போனது. குழாயைத் திறந்தால் முதலில் புழுதி வந்தது, பிறகு காற்று வந்தது. சோப்பு நுரைக்கவில்லை. டம்ளரில் ஊற்றிய பால் வாய்க்குப் போவதற்குள் பாதியாகிவிடும். தரை ஓடுகள் பாளம் பாளமாக வெடித்தன. மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் தோல் உரிந்து கூடவே வந்தது. பக்கத்து வீட்டில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்க, பாட்டில் இருந்த வீட்டில் மட்டும் உதடு வெடித்துப் பேசினார்கள். இத்தனை வீடுகள் தாங்கிக்கொண்டதால் தோட்டம் சாகாமல் கிடந்தது. பெட்டிகள் சிறுத்தன. கடைசியில் வாரத்துக்கு ஒரு பிடி பீன்ஸும் விரல் நீளக் கேரட்டுமாக வந்து நின்றன. அவற்றையும் அவள் எடை போட்டுத்தான் கொடுத்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மழை வரும்வரை இவர்கள் பாட்டிலை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அறுவடை விருந்து அந்த வருஷமும் நடந்தது. அறுவடை இல்லாததெல்லாம் ஒரு காரணமா என்றார் அவள் புருஷன். பாத்திகளுக்கு நடுவே நீள மேசை, வெள்ளைத் துணி, தொண்ணூற்றாறு குடும்பத்துக்கும் நாற்காலி. தோட்டத்துக் காயில் ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவருவதுதான் வழக்கம். அன்று வந்த பாத்திரங்கள் எல்லாம் நிறைந்திருந்தன. மெழுகு பூசிய வெள்ளரிக்காய், ஒரே அளவில் தக்காளி, எந்தக் காலத்திலும் கிடைக்கிற பச்சைப் பட்டாணி. ஒரு குடைமிளகாயில் கடை ஒட்டிய வில்லைகூட உரிக்கப்படாமல் இருந்தது. உள்ளூர்க் காய்கறி வாழ்க என்று அதற்கு நேர் மேலே துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். அவள் அதையெல்லாம் பரிமாறினாள். தையல்காரர் மட்டும் தன் பங்கு பீன்ஸை, மொத்தம் பதினொன்று, அவித்து ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்திருந்தார். அதை யாரும் எடுக்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் பல் டாக்டர் எழுந்தார். உதடு வெடித்திருந்ததால் மெதுவாகத்தான் பேசினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. தோட்டத்த நாங்க யாரும் விட்டுட்டுப் போகல. விழாவுக்கு வருவோம், பெட்டி வாங்குவோம், எல்லாம் உண்டு. இந்தப் பாட்டில் மட்டும்தான் வேண்டாம்னு குழுவில பேசிக்கிட்டோம்."

"அப்போ மழை பெஞ்சா பங்கு வேணும், காஞ்சா வேண்டாம்?"

"அப்படிச் சொல்லலக்கா. வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கு. நாங்க ஆதரவாளர்ங்க. விவசாயி இல்லையே."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் மைக்கின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கோபப்பட்டால் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி வாயை அடைப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது, பிள்ளைகளின் தாகம் பொய்யில்லை என்றும் தெரிந்தது.

"சரி. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். வேண்டாம்னா இங்க கொண்டுவந்து வடக்குப் பாத்தியில கொட்டிடுங்க. எங்கயும் தூக்கிப் போட்டுடாதீங்க. அது சாதா மண்ணு இல்ல."

எல்லோரும் தலையாட்டினார்கள். கைகூடத் தட்டினார்கள். போவதற்கு முன் அவளை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஒருவரும் கொண்டுவரவில்லை. அவள் முகத்தைப் பார்த்து பாட்டிலை நீட்டக் கூச்சமாக இருந்தது என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். விடியற்காலையில் தெருமுனைத் தொட்டியில் நைசாகப் போட்டுவிட்டு வருவதில் அந்தக் கூச்சம் இல்லை. போட்ட ஒரு மணி நேரத்தில் குழாயில் தண்ணீர் வந்தது, வெடித்த ஓடுகள் கூடிக்கொண்டன. குப்பை வண்டிகள் தொண்ணூற்றைந்து பாட்டில்களையும் ஊர்க் குப்பைமேட்டில் கொட்டின, இயந்திரம் ஏறி எல்லாவற்றையும் உடைத்து ஒரே மூலைக்குத் தள்ளியது. குப்பைமேட்டில் வறட்சி எதைக் காய வைக்கும்? அது திரும்பி, சிதறாமல் முழுசாகத் தோட்டத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. பத்து நாள். பீன்ஸ் கொடிகளைத் தொட்டால் பொடியாக உதிர்ந்தன. பதினொன்றாம் நாள் காலையில் அவள் வடக்குப் பாத்தியில் மண்வெட்டியைப் போட்டாள், மண்வெட்டியின் காம்புதான் முறிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஒன்பது வருஷ உழைப்பைப் பொட்டலம் கட்டிக் கொடுத்த தன் கையை நினைத்துத்தான் அவளுக்கு அதிகமாக வயிறெரிந்தது.

பிறகு மழை வந்தது, குப்பைமேட்டுக்கு. வடக்குப் பாத்தியின் நல்ல மண் எங்கே அதிகம் கிடந்ததோ அதைத்தான் தோட்டம் என்று வானம் எடுத்துக்கொண்டது. முகவரி மாறியது அவ்வளவுதான். அந்த மூலையில் மட்டும், பாத்தி அளவுக்கு நீள அகலம் பிசகாமல் கொட்டித் தீர்த்தது. மூன்று வாரத்தில் பிய்ந்த மெத்தைகளின் மேல் அவரை படர்ந்தது, உடைந்த குளிர்பெட்டிக்குள் பூசணி உருண்டது, தக்காளி ஒவ்வொன்றும் இரண்டு கை கொள்ளாமல் காய்த்தது. செய்தி பரவியதும் பல் டாக்டர் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். அடுத்த மாதம் அங்கே திறந்த தோட்ட நாள் நடந்தது. நீள மேசை, வெள்ளைத் துணி, அதே எழுத்துத் துணி. புதிய படிவத்தில் இழப்பு என்ற வார்த்தையே இல்லை. பாட்டிலும் இல்லை. இருநூறு பேர் சேர்ந்தார்கள்.

புருஷன் சொல்லிக்கொண்டுதான் போனார்.

"கூட்டம் அங்க இருக்கு. நான் இங்க உக்காந்து யாருகிட்டப் பேச?"

மைக்கையும் நாற்காலிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். தராசை ஏற்றப் போனபோது அவள் அதன் மேல் கை வைத்தாள், அவரும் விட்டுவிட்டார். அவள் ஒருமுறை குப்பைமேட்டுக்குப் போய்ப் பார்த்தாள். பெட்டிகளை யார் யாரோ கண்மதிப்பில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பழசையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார்.

"இங்கயே வந்துடுங்கக்கா. உங்கள மாதிரி பங்கு பிரிக்க யாருக்கு வரும்?"

அவள் குனிந்து செடிக்கடியில் விரல் விட்டு மண்ணை எடுத்து முகர்ந்தாள். அவளுடையதுதான். நன்றாக இருந்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

தொண்ணூற்றாறாவது பாட்டில் தையல்காரர் வீட்டில், மிஷினுக்கு மேலே அலமாரியில், நூல்கண்டுகளோடு இருந்தது. அந்தக் கோடை முழுக்க அவர் வீட்டில் நூல் இற்று இற்று அறுந்தது, ஊசி பிடித்த விரல்கள் வெடித்தன, பாதி வாடிக்கைக்காரர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று தராசக்கா கேட்டாள்.

"கையெழுத்துப் போட்டேனேம்மா."

"எல்லாருந்தானே போட்டாங்க?"

"அது அவங்க கையெழுத்து. கொண்டாந்து கொட்டிடவா? உங்க பாத்தியில சேந்துக்கும்."

ஒரு கைப்பிடி மண் சேர்ந்து என்ன ஆகப் போகிறது? மழை தோட்டத்துப் பக்கம் திரும்பாது. ஆனால் அந்த பாட்டில் உள்ளவரை, அங்கே குப்பைமேட்டில் கொட்டும்போதெல்லாம் இங்கே மிஷினுக்கு மேலேயும் ஒரு கைப்பிடி மழை பெய்தது. ஐந்து நிமிஷம், ஆறு நிமிஷம். இங்கேயே இருக்கட்டும் என்றாள் அவள்.

அதற்கப்புறம் வானம் கறுத்தால் அவள் வாளியோடு தையல் கடைக்கு வந்துவிடுவாள். தையல்காரர் மிஷினைச் சுவரோரம் தள்ளி, துணிகளை மூடி வைப்பார். உட்கூரைக்குக் கீழே தூற ஆரம்பித்ததும் இருவருமாக வாளியை நகர்த்தி நகர்த்திப் பிடிப்பார்கள். அரை வாளி தேறும், சில நாள் முக்கால். அதைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு அவள் தோட்டத்துக்குப் போவாள். கண்டக்டர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிப்போய் சன்னலோர இருக்கையைக் காட்டினார்கள். மூன்று ஏக்கரில் ஒரே ஒரு வரிசை பீன்ஸ், அதற்குத்தான் அந்தத் தண்ணீர் போதும்.

அந்த வருஷத்தின் கடைசிச் சனிக்கிழமை தையல்காரர் வழக்கம்போலப் பையோடு வந்து வரிசையில் நின்றார். வரிசையில் அவர் ஒருவர்தான். மொத்தம் பதின்மூன்று பீன்ஸ். அவள் தராசை எடுத்து வைத்து, முள் நிற்கும்வரை பொறுத்து, அவருக்கு ஆறு, தனக்கு ஆறு என்று பிரித்தாள். பதின்மூன்றாவதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். அவள் காதில் வாங்காமல் அதைச் சரிபாதியாக ஒடித்து, இரண்டு தட்டிலும் போட்டு, முள்ளைப் பார்த்தாள்.